பொட்டு வைத்த பிளாப்பிகள்

மேஜை இழுப்பறையைத் துடைத்தபோது அந்த பிளாப்பி டிஸ்க் கிடைத்தது. உறையின் நீள்வட்டத் திறப்பில் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம், கறுத்துப்போய். முகர்ந்து பார்த்தேன். வாசனை மிச்சமில்லை. உன் சிரிப்புதான் முதலில் வந்தது.

நீ போய் ஒரு சாரல் காலம் கடந்துவிட்டது.

தென்காசியில் நான் வேலை பார்க்கும் இதே தட்டச்சுப் பள்ளி. புதிதாய் வாங்கிய ஒரே கம்ப்யூட்டர். ஐந்தருவிப் பாறைகளின் பாசிகளைப் பற்றிய உன் ஆய்வேட்டை அதில்தான் அடித்தேன். கைப்பிரதியை உன் அம்மா பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டாள். "அதான் மெஷின்ல இருக்குல்லா," என்றாய், அலட்சியமாக. தையில் உனக்குக் கல்யாணம். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் பட்டம். இல்லையென்றால் படிப்பு அத்தோடு சரி என்று உன் அப்பா சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. பள்ளியை நடத்தும் அண்ணாச்சி தட்டச்சு இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்தார். கம்ப்யூட்டருக்கும். பிறகு, விட்டுப்போகக் கூடாதென்று, உன் ஆய்வேட்டின் நகல் இருந்த பிளாப்பிகளுக்கும். உள்ளே தகடு தெரியும் திறப்பிலேயே. பொட்டு வைக்கத் தோதான இடம் அதுதான். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சீரியல் பல்புச் சரத்தை அதே ஸ்டெபிலைசரில் சொருகினார். ஒரு பொறி. எல்லாம் அணைந்தது.

மின்சாரம் திரும்பியும் கம்ப்யூட்டர் தனக்குள் ஹார்ட் டிஸ்க் இருப்பதையே அறியவில்லை. பிளாப்பிகளும் படிக்கவில்லை.

"சாமிக்குன்னுதான வச்சேன். இதுக்கு வாய் எங்கன இருக்குன்னு நான் கண்டேனா?" என்றார் அண்ணாச்சி.

"நல்லவேளை, எலுமிச்சம்பழத்த உள்ள வச்சு நசுக்காம விட்டியளே," என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். கம்ப்யூட்டரை மறுபடி மறுபடி அணைத்துப் போட்டாய்.

மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். "டிஸ்க்ல முதல்ல ஒரு துண்டு இடம் இருக்கும்மா. எந்தப் பிரிவு எங்க ஆரம்பிக்குதுன்னு அதுலதான் குறிப்பு. அது கெட்டுப்போச்சு. எல்லாத்தையும் அழிச்சு பார்மட் பண்ணிட்டா மெஷின் புதுசாயிரும்."

நீ கீபோர்டின் மேல் கையை விரித்து வைத்தாய். "குறிப்புதான போச்சு? நான் எழுதுனது உள்ளதான இருக்கு?"

"இருக்கும். ஆனா..."

"இருந்தா அப்புறம் என்ன ஆனா?"

அவர் யோசித்தார். இதே மெஷின், இதே அளவு டிஸ்க், இதேபோல் பிரித்த இன்னொன்றை அவரே விற்றிருந்தார். பாவூர்சத்திரத்தில், ஒரு காய்கறி மண்டிக்கு. அதன் முதல் துண்டை நகலெடுத்து இதில் எழுதிப் பார்க்கலாம். உத்தரவாதம் இல்லை.

மூவரும் பஸ் ஏறினோம். மண்டியில் அந்த மெஷின் தேங்காய்ப்பூத் துண்டு போர்த்திக்கொண்டு, சின்ன வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இருந்தது. "அதுக்கும் குளிருதாக்கும்," என்றாய். ஏலக் கூச்சலுக்கிடையில் ஒரு புது பிளாப்பியில் நகலெடுத்தோம். திரும்பும்போது பிளாப்பியை உன் டிபன் டப்பாவில் வைத்திருந்தாய். பஸ்ஸில் ஸ்பீக்கருக்குக் கீழே இடம் காலியாக இருந்தும் உட்கார மறுத்தாய். "அதுல காந்தம் இருக்கும், ஏட்டி, அழிச்சிரும். நின்னுக்கிட்டே போவோம்."

மெக்கானிக் எழுதினார். அணைத்துப் போட்டார். அண்ணாச்சி திருநீற்றுத் தட்டோடு கிட்டே வந்தார்.

"அங்கனயே நின்னு கும்பிடுங்க அண்ணாச்சி!"

திரையில் வரிகள் ஏறின. உன் அத்தியாயங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. நீ சிரிக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாய், வேறு யாரோ எழுதியதைப்போல.

மார்கழியில் சமர்ப்பித்தாய். தையில் கல்யாணம். அடுத்த ஆனியில் காய்ச்சல். அவ்வளவுதான்.

இப்போதும் கெட்டுப்போன டிஸ்க்கோடு யாராவது வருகிறார்கள். அழித்துவிடுங்கள் என்கிறார்கள். நான் அவசரப்படுவதில்லை. போனது குறிப்பா, எழுத்தா என்று முதலில் பார்க்கிறேன். பல சமயம் குறிப்புதான்.

நேற்று கல்லூரிப் பெண் ஒருத்தி தன் ஆய்வேட்டை அடிக்கக் கொண்டுவந்தாள். அவளுக்கும் பாசிதான். அடிக்குறிப்பில் உன் பெயர்.

"இவங்க இப்ப எங்கக்கா வேல பாக்காங்க?"

சொன்னேன். அடிக்குறிப்பை மறுபடி படித்தாள். பிறகு, "அவங்க பாத்த பாறைய எனக்குக் காட்டுவீங்களா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போகிறோம். எந்தப் பாறை என்று எனக்குத் தெரியும்.