பாலம் வரைக்கும் உன் கட்சி

அடியே,

உன் குடை நன்றாக நனைந்து வந்து, என் வீட்டு வாசலில் விரித்தபடி சொட்டிக்கொண்டிருக்கிறது. ஈரமான பழைய துணியின் வாடை கூடம் வரைக்கும் வருகிறது. ஒரு கம்பி வளைந்த, கைப்பிடியில் பூச்சு உரிந்த அதே கறுப்புக் குடைதான். நீ எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போவாய்; நான் உங்கள் வீட்டில் மறந்துவிட்டு வருவேன். கடைசியாக மறந்தது நீ என்பதால் இது என்னிடம் தங்கிவிட்டது. இன்று இதை நனைத்துக் கொண்டுவந்தவள் உன் மகள். அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முன்கதை இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும், பொறுத்துக்கொள்.

உப்பளம் பகுதியில், பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில், சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் நாம் அடுத்தடுத்த மேசையில் இருந்தோம். இரண்டு பேருக்கும் மேற்படிப்பு ஆசை. நுழைவுத் தேர்வுக்கு ஒன்றாகவே படித்தோம். கணக்கில் நீ கெட்டி, நான் சுமார். ஆங்கிலச் சொற்களில் இருவரும் ஒரே மாதிரி தடுமாறினோம். அதிலெல்லாம் சண்டை வரவில்லை. சண்டை வந்தது கடைசிப் பகுதியில்தான்.

அந்தப் பகுதி ஒரு கட்டுரை. அது கட்டாயமில்லை. மற்றதையெல்லாம் முடித்துவிட்டு, விருப்பம் இருந்தால் உட்கார்ந்து எழுதலாம், இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம். கொடுத்த கேள்விக்கு ஏதாவது ஒரு பக்கம் நின்று வாதாட வேண்டும். பல கல்லூரிகள் அதன் மதிப்பெண்ணைக் கேட்பதே இல்லை. பிரான்சில் உன் அண்ணன் இருந்த ஊரின் கல்லூரி கேட்டது. நீ அங்கே போகப் போகிறாய் என்று உங்கள் வீட்டில் அதற்குள் பெட்டியே வாங்கி வைத்துவிட்டார்கள்.

“கேக்காத மார்க்குக்கு எதுக்குடி மாரடிக்கணும்?” என்பேன் நான்.

“நாள் முழுக்க வாய் கிழியப் பேசற, நாலு பத்தி எழுத வலிக்குதா?” என்பாய் நீ.

பேசிப் பழகினால் எழுத வந்துவிடும் என்று நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். வேலை முடிந்து பெரிய மார்க்கெட் வரைக்கும் நடந்துதானே போவோம், போகும்போது ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். குடை யார் கையில் இருக்கிறதோ அவர் ‘ஆம்’ என்று பேச வேண்டும். மற்றவர் ‘இல்லை’ என்று பேச வேண்டும். வாய்க்கால் பாலம் வந்ததும் குடை கை மாறும், கட்சியும் மாறும். அதுவரை எதற்காகத் தொண்டை கிழியக் கத்தினோமோ, அதையே மறுத்துக் கத்த வேண்டும். வெயிலோ மழையோ, குடை நம்மோடு வந்தது. மார்க்கெட் வாசலில் பூக் கட்டும் அம்மா ஒருமுறை பக்கத்துக் கடைக்காரரிடம் நம்மைக் காட்டிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “இந்தப் பொண்ணுங்களுக்கு என்னமோ ஆயிடுச்சிப்பா. அந்தாண்ட ஒன்னு பேசுதுங்க, இந்தாண்ட வந்தா வேற பேசுதுங்க.” நீ சிரித்த சிரிப்பில் அந்த அம்மா சொன்னது உறுதியாகிவிட்டது.

தேர்வுக்கு முந்தின மாலை தலைப்பு உன்னுடையது. “கட்டுரைய விட்டுடலாமா?” என்றாய் விளையாட்டாக. முதலில் குடை என் கையில் இருந்ததால் பாலம் வரைக்கும் இருவரும் பழைய பாட்டையே பாடினோம். நான் விடலாம் என்றேன், நீ கூடாது என்றாய். பாலத்தில் குடையைக் கொடுத்தேன். இனி நீ விடலாம் என்று பேச வேண்டும், நான் எழுதத்தான் வேண்டும் என்று பேச வேண்டும்.

“எழுதாம எழுந்து வந்துட்டு, எனக்குத் தேவையில்ல அதான் எழுதலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கலாம். ஆனா பயந்துட்டுத்தான் வந்தேன்னு எனக்குத் தெரியுமே” என்று ஆரம்பித்தேன். பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் சொல்லி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது.

நீ முதலில் கை வலிக்கும், பசிக்கும் என்று கதை அளந்தாய். பிறகு உன் நடை மெதுவானது. “அந்த காலேஜ் எனக்குப் புடிச்சதா, இல்ல வீட்ல எல்லாரும் கை காட்டனதான்னே தெரியல. அங்க போய் இருக்கறத நெனச்சா ஒன்னும் தோணல. கெளம்பறத நெனச்சாதான் சந்தோஷமா இருக்குது. ஏர்போர்ட் வரைக்கும் போய் டாட்டா வாங்கிட்டு திரும்பி வந்துட்டா போதும் போல இருக்குதுடி” என்றாய்.

“நல்லா பேசற, முழு மார்க்” என்றேன். நீ சிரிக்கவில்லை. மார்க்கெட்டுக்குள் போய்க் கொத்தமல்லி வாங்கினாய்.

மறுநாள் நான் கட்டுரையை எழுதினேன். மணி அடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. வெளியே வந்தால், எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நீ வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறாய்! எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்தினேன்.

“எழுதலியா? அந்த காலேஜ் போச்சேடி!”

“போச்சு. சூடா இருக்குது, நீயும் ரெண்டு தின்னு.”

“நேத்து சும்மா பேசனதுக்கா இப்பிடி பண்ண?”

“நீ பேசனத நீ கேட்டுக்கின, நான் பேசனத நான் கேட்டுக்கினேன். நம்மள யாரும் கெடுக்கலடி” என்று தட்டை என் பக்கம் தள்ளினாய்.

அந்தக் கட்டுரையை எழுதிய தைரியத்தில் நான் வெளியூர் போய்ப் படித்துவிட்டுத் திரும்பினேன். நீ இங்கேயே படித்தாய், இங்கேயே கல்யாணம் செய்துகொண்டாய், கடைசியில் அந்த அலுவலகத்தையே நடத்தினாய். பாதி உப்பளத்தை நீ அதட்டி வைத்திருந்தாய் என்று சொன்னால் மிகையில்லை. உங்கள் வீட்டில் மட்டும் பேச்சு ஓயவில்லை. நாலு பத்தி எழுதச் சோம்பல்பட்டுப் பிரான்சைக் கோட்டை விட்டவள் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் யாராவது ஆரம்பிப்பார்கள். நீ மறுத்துப் பேசியதே இல்லை, கேக்கை வெட்டிக்கொண்டிருப்பாய்.

மீன் வாங்கும்போது ஒருமுறை நானே உன்னிடம் கேட்டேன், அன்றைக்குக் குடை மாறாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. நீ சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய். “நான் அங்க குளிர்ல நடுங்கிக்கினு, மீனு கெடைக்கலன்னு உனக்கு போன் பண்ணி அழுதுட்டு இருப்பேன். பைய புடி.” உன் முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்த முகம்தான் இப்போதும் எனக்குத் தெம்பு.

போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது, இல்லை என்று நான் நடிக்கப் போவதில்லை. ஆனால் உன்னை நினைத்தால் முதலில் வருவது சிரிப்பு. அழுகை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கும் இன்று அதே தேர்வு. கட்டுரை இப்போதும் எழுதினால் எழுதலாம், விட்டால் விடலாம் என்றுதான் இருக்கிறது. அவள் கேட்கும் கல்லூரிகளுக்கு அது தேவையே இல்லை. போன வாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். உங்கள் வீட்டு வழக்கப்படி அவளுக்கு நான் அத்தை இல்லை, பிரெஞ்சில் தாந்த்.

“நான் எழுதியே ஆவணும் தாந்த். அம்மா விட்டத நான் புடிக்கணும். நாலு நாளா உக்காந்து பாக்கறேன், ஒரு வரி வரல. அம்மா இருந்தா என்ன சொல்லி இருப்பாங்க?”

கிறிஸ்துமஸ் பேச்சு அவள் தலைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்தது. உங்கம்மா என்ன சொல்வாள் என்பது குடை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. குடையை எடுத்துக் கையில் கொடுத்து, நம் விளையாட்டின் விதியைச் சொல்லி, நடக்கக் கூட்டிப்போனேன்.

பாலம் வரைக்கும் அவள் எழுதத்தான் வேண்டும் என்று அழுதுகொண்டே வாதாடினாள். நான் வேண்டாம் என்றேன். உன்னைப் போலவே அடித்துப் பேசுகிறாள், கையை அதே மாதிரி ஆட்டுகிறாள். பாலத்தில் கையை நீட்டினேன், குடையைத் தரமாட்டேன் என்றாள்.

“அந்தப் பக்கம் பேச எனக்கு ஒன்னுமே இல்ல தாந்த்.”

“உங்கம்மாவும் அப்படித்தான் நெனச்சா. குடு.”

கொடுத்தாள். பூக்கடைகள் வரை நடந்தாள். அங்கே நின்றுவிட்டாள். “அம்மா எதையும் கோட்ட விடல. வேணாம்னு எறக்கி வச்சாங்க. அத எடுத்து சொமன்னு அவங்க என்கிட்ட சொன்னதே இல்ல” என்றாள். எதிர்ப்பக்கம் பேச வேண்டியது நான். அதற்குப் பதில் அவளுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தேன். தோற்றவள் வேறென்ன செய்வாள்? திரும்பும் வழியில் உன் பஜ்ஜிக் கதையைச் சொல்லி, குடையையும் அவளிடமே கொடுத்தனுப்பினேன்.

இன்று தேர்வு முடிந்து, மழையில் நேராக இங்கேதான் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“எழுதினேன் தாந்த். அம்மாவுக்காக இல்ல. கேள்வி நல்லா இருந்துச்சி, அதான். எழுத எழுத வந்துச்சி.” பிறகு பையிலிருந்து எண்ணெய் ஊறிய ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். “பஜ்ஜி மட்டும் அம்மாவுக்காக.”

ஆறிப்போன பஜ்ஜி, உப்பு கொஞ்சம் தூக்கல். இரண்டு பேரும் ஒன்று விடாமல் தின்றோம்.

எனக்கு நீ விட்டுப்போனது ஒரு பழக்கம். யாரிடமாவது இதுதான் சரி என்று அடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, பாலம் வந்துவிட்டதா என்று மனது பார்க்கும், கை தானாகக் குடைக்கு நீளும். வீட்டில் எல்லோருக்கும் இதைக் கண்டால் கேலிதான்.

மழை விட்டதும் உன் மகள் புறப்பட்டுப் போனாள். குடையை மறந்துவிட்டாள். நாளை அவளைப் பார்க்கப் போகும்போது எடுத்துப்போவேன். வழக்கம்போல் அங்கேயே மறந்துவிட்டு வருவேன்.