யார் காதிலும் விழாத இசை

என் பிடிவாதக்காரிக்கு,

சின்ன அறையில் நால்வர் வாசிக்கவென்று நீ எழுதிய இசைக்குத் தேசியப் பரிசு தரப்போகிறார்களாம். ஆனால் அது இதுவரை, வாசிப்பவர்களைத் தவிர, யார் காதிலும் விழாத புது இசையாக இருக்க வேண்டுமாம், போட்டி விதி.

போன வாரம் உன் சிநேகிதிகள் இந்த ஆஸ்பத்திரி அறையில், உன் கட்டிலைச் சுற்றி அமர்ந்து அதை வாசித்தார்களே! நீ கண் திறக்கவில்லை. நான் கேட்டது கணக்கில் வராது. எனக்கு வாசிப்பது செவிடன் காதில் ஊதிய சங்கு என்பாய்.

பரிசுக்குழுச் செயலர் நல்ல மனுஷர். "அவங்கதான் நினைவில்லாம இருக்காங்களே சார். யாரும் கேக்கலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்" என்கிறார்.

காலையிலிருந்து பேனாவும் கையுமாக உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த வரி மட்டும் எழுத வரவில்லை.

ஒரு விரலை அசைத்துவிடேன். பரிசு போனால் போகட்டும்.

உன் செவிடன்