வெள்ளாற்றுப் பள்ளத்துக்கு ஒரு வாரப் பயணம்

கச்சோரா,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

என் அருமை மகள் லூர்தெசுக்கு அப்பா எழுதுவது. கர்த்தரும் நம் மலைச்சாமிகளும் அந்தத் தூரதேசத்தில் உன்னைக் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும். நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்த இத்தாலிக்காரப் பெரியம்மாவும் சுகமென்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் எப்போதும் அடுத்த வரிக்குப் போவேன், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை அம்மா. போனில் பேசினால் உன் அம்மா என் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். வேன் ஓட்டுகிற நிக்கானோர் நாளை குஸ்கோ போகிறான், இதைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.

உன் தம்பி, நம் எதில், இன்னும் வீடு வந்து சேரவில்லை. யானாமா ஊரில் பாலாடைக்கட்டியும் பயறும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு இரண்டு கோவேறு கழுதைகளோடு கிளம்பியவன், மைசால் பண்ணை வரைக்கும் வந்ததை அங்கிருக்கும் இலாரியா அக்கா பார்த்திருக்கிறாள். வானம் கறுத்திருக்கிறது, இருந்துட்டுப் போடா என்று அவள் சொன்னதற்கு, "அம்மா சூப்பு வச்சுக் காத்திருப்பா அக்கா" என்று சிரித்துவிட்டு வெள்ளாற்றுப் பள்ளத்தில் இறங்கினானாம். அன்று சாயங்காலம்தான் மலை சரிந்தது. பாதை போன இடமே தெரியவில்லை, பள்ளத்துக்கு மேலே முழுச் சரிவும் சிவப்பாக உரிந்து கிடக்கிறது. கழுதைகளில் ஒன்று செத்துப்போய் ஆற்றில் மிதந்து வந்தது. இன்னொன்று, நம் பாலோமா, சில நாள் கழித்துத் தானாக மைசாலுக்கு ஏறி வந்து நின்றிருக்கிறது. முதுகில் சுமை இல்லை, சேணமும் இல்லை. இதை நீ நன்றாகக் கவனி மகளே. யாரோ அவிழ்த்திருக்க வேண்டும். சரிவில் அறுந்திருக்கலாம் என்று தேடும் குழுவின் அதிகாரி சொன்னார். அவர் நல்ல மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார், அவர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சுமை முழுக்கச் சாப்பாடு. ஒரு பக்கம் சரிவு, மறு பக்கம் வெள்ளம், நடுவில் பள்ளத்து அடியில் பழைய தோட்டமும் கூரை போன குடிசையும் இருக்கிறது. அங்கே அவன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்?

நான் சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு இரண்டு தடவை இந்தப் பக்கமாகப் போய் ஆற்றங்கரை வரைக்கும் இறங்கினேன். மரத்தையே வேரோடு இழுத்துப்போகிற தண்ணீர். கரையில் நின்று எதில், எதில் என்று தொண்டை கிழியக் கத்தினேன், ஆற்றுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இப்போது மழை விட்டு ஆறு வடிகிறது, ஆனால் தேடும் குழு திரும்பிப் போய்விட்டது. ஊர் ஆட்கள் சோள அறுப்பில் இருக்கிறார்கள். செத்தவர்களுக்கு வைக்கிற பூசைக்குச் சொல்லிவிடச் சொல்லி உன் மாமாவே வந்து ஜாடையாகப் பேசினான், அவனை நான் வாசலோடு அனுப்பிவிட்டேன். அப்போதுதான் அரெக்கிப்பாவிலிருந்து ஒரு கூட்டம் இன்கா இடிபாடுகளுக்கு ஒரு வார நடைக்கு என்னைக் கைடாக வைத்து முன்பே பதிந்திருந்தது நினைவுக்கு வந்தது. சொக்கெக்கிராவ் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு அப்படியே யானாமா வரை போகிற நீண்ட வழி, வெள்ளாற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். கயிறு, கூடாரம், கழுதைக்காரர்கள், மலை உச்சியிலும் பேசுகிற அந்தப் பெரிய போன், எல்லாம் அவர்களோடு போகும்.

குஸ்கோவுக்குப் போய் டிராவல்ஸ் முதலாளி பாத்திஸ்தாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே வழியைச் சுருக்கி, இடிபாடுகள் வரை மட்டும் போய்த் திரும்புகிற மாதிரி மாற்றி, வேறு கைடுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். "தோன் லெயோன்சியோ, உங்க நெலம எனக்குப் புரியுது, ஆனா பாதை இல்லாத எடத்துக்கு நான் ஆளுங்கள அனுப்ப முடியுமா, நீங்களே சொல்லுங்க" என்றார். நான் நாற்காலியிலிருந்து இறங்கி அவர் காலடியில் மண்டி போட்டேன் அம்மா. அங்கே இருந்த பெண் பிள்ளை தட்டச்சு அடிப்பதை நிறுத்திவிட்டது. "ஐயோ, பெரியவரே, எந்திரிங்க, எந்திரிங்க" என்று அவரும் என்னோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். தரையில் உட்கார்ந்தபடியேதான் திட்டம் போட்டோம். கூட்டத்தை மற்ற கைடு ரொசெந்தோ நடத்த வேண்டும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பிஞ்சாவுனுயோக் படிக்கட்டு வயல்களில் எல்லாரும் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். நானும் இரண்டு கழுதைக்காரர்களும் மட்டும் கயிறு கட்டி ஆற்றில் இறங்குவோம். பாதை இருந்தால் கூட்டம் பின்னால் வரும், இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பும். ஒரு நிபந்தனை போட்டார், வருகிறவர்களிடம் எதையும் மறைக்கக் கூடாது. நியாயம்தானே.

நேற்று அவர்கள் வேனில் கச்சோராவுக்கு வந்து இறங்கினார்கள். சத்திரத்து முற்றத்தில் நின்று, இடிபாடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டிய நேரத்தில் என் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். ரென்சோ என்று ஒருவர், சத்தமாகச் சிரித்துக்கொண்டே வந்தவர், முகம் மாறிப்போய், "நாங்க லீவு போட்டுட்டு வந்திருக்கோம்யா, பொணம் தேடவா வந்திருக்கோம்?" என்று கேட்டுவிட்டார். அந்தச் சொல்லைக் கேட்டு சத்திரத்து அடுக்களையில் அவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்த உன் அம்மா வெளியே வந்தாள். அழுவாள் என்று பயந்தேன். அவள் கையில் வேகவைத்த சோளத்தட்டோடு நேராக அவரிடம் போய், "சாப்பிடுங்க தம்பி, வேன்ல வந்த களைப்பு" என்றாள். அவர் எடுக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றார். அவருடைய மனைவி மாரிட்ஸா பல் டாக்டர், அந்தத் தட்டைத் தான் வாங்கிக்கொண்டு, "நீ போறதுன்னா போ ரென்சோ, வேன் இன்னும் கெளம்பல. நான் இவங்களோட நடக்கத்தான் போறேன்" என்றாள். அவர் உண்மையிலேயே போய்விட்டார், மகளே, பையை எடுத்துக்கொண்டு அதே வேனில். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, அவர் கேட்டதை நானே என் மனதுக்குள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மற்றவர்கள் யாரும் எழுந்து போகவில்லை. நாளை விடிந்ததும் கிளம்புகிறோம்.

நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனில் அழுதாய். வராதே அம்மா. உன் காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை, அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஒரு பிள்ளை எங்கே என்று தெரியாமல் இருக்கிறேன், இன்னொரு பிள்ளையாவது இருக்கிற இடம் தெரிந்து இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. அந்தப் பெரியம்மாவைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு. குளிர் விட்டதென்று கழுத்துத்துணியைக் கழற்றிவிடாதே.

ஒன்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். காலையில் என் பையைக் கட்டும்போது இரண்டு விதமாகவும் யோசித்துத்தான் கட்டினேன். அவனுக்குக் காய்ந்த துணி, காய்ச்சல் மாத்திரை, இனிப்பு ஒரு பக்கம். அடியில், அம்மா பார்க்காமல், ஒரு கெட்டிப் போர்வையும் மெழுகுவர்த்தியும். அவள் பார்த்திருக்கிறாள். உள்ளே போய், ஈஸ்டருக்கு அவனுக்கென்று வாங்கி இன்னும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து, சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில் வைத்தாள். "எப்படி இருந்தாலும் இதப் போட்டே கூட்டிட்டு வாய்யா" என்றாள். அவ்வளவுதான். பிறகு போய் அடுப்பை ஊதினாள்.

மலைச்சாமிகளுக்குக் கோக்கா இலையும் சிச்சாச் சோளக்கள்ளும் வைத்து உன் பெயரையும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன். நீ நன்றாக இருப்பாய், உனக்கு ஒரு குறையும் வராது, இது உன் அப்பாவின் வாக்கு. நான் மலையில் இருக்கும் வாரம் முழுக்க அம்மாவுக்குத் தினமும் போன் பண்ணு, மறக்காதே. எதிலுக்கு என்ன சமைக்கலாம் என்று அவள் உன்னிடம் கேட்பாள், தினமும் கேட்கிறாள். அழாதே. ஏதாவது ஒன்றைச் சொல்லு, அவள் சமைக்கட்டும்.

உன் அப்பா,
லெயோன்சியோ