சரத்தின் வெட்டு முனை

ஜூன் 9, திங்கள். வண்டன்மேடு

ஏலச்செடியின் அடியில் தரையோடு ஓடுகிற பூச்சரம், எத்தனை வரைந்தாலும் கைக்கு வரவே மாட்டேன் என்கிறது. மேல் சரிவில் கல்லும் காய்ந்த இலையுமாக அதே சரத்தை இருபதடி நீளச் சிற்பமாகத் தரையில் அடுக்கத் தோட்டத்து முதலாளி சம்மதித்திருக்கிறார். அதற்குள் அந்த வளைவு பழகியாக வேண்டும். குனிந்து வரைந்தே இடுப்பு போயிற்று. கடைசியில் பென்சில் சீவுகிற பிளேடால் ஏழு சரத்தை அறுத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இந்தத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவள் நான். சரத்தை மிதித்தாலே அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். ஒரு சரம் போனால் அதில் வரவேண்டிய காய் அத்தனையும் போச்சு. தெரிந்தேதான் அறுத்தேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 11

சூப்பர்வைசர் லோகேஷ் சரம் அறுபட்ட செடிகளைப் பார்த்துவிட்டார். அந்த வரிசையில் களை வெட்டியவள் பக்கத்து வீட்டு அன்னாள் சித்தி.

"கண்ண எங்க வச்சிட்டு அருவாளப் போட்ட? நாளைக்கு வர வேண்டாம்."

"மாதா சத்தியமா நான் இல்ல சார்."

பத்தடி தள்ளி நோட்டோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சரிவு கைவிட்டுப் போய்விடுமே என்று — சீ!

ஜூன் 12

வேலை நாளில், காலை பத்து மணிக்கு, சித்தி வீட்டில் பாத்திரச் சத்தம்.

ஜூன் 14

தீப்பெட்டி கேட்டு சித்தி வந்தாள். சுவரில் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"வெட்டுன எடத்தக்கூட விடாம வரைஞ்சிருக்கியே. அருவா பட்டா நார் நாராப் பிய்ஞ்சிருக்கும். இது வழுவழுன்னு இருக்கு. பிளேடுதானேட்டி?"

தலையாட்டினேன். தீப்பெட்டியை வாங்காமலே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? உள்ளது உள்ளபடி வரையத் தெரியுது எனக்கு. சொல்லத்தான் துப்பில்ல. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 16

காலையில் பேர் கூப்பிடும் இடத்தில், எல்லோரும் நிற்கும்போதே, படத்தையும் பிளேடையும் லோகேஷிடம் நீட்டிச் சொல்லிவிட்டேன். முதலாளிக்குப் போன் போனது. இனி சரிவுப் பக்கம் நான் போகக் கூடாது. சித்திக்கு ஆள் விட்டார்கள். வந்தாள், அரிவாளோடு வரிசையில் இறங்கினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் சித்தி முதல்முறையாகப் பேசினாள். அந்தப் படம் வேண்டுமாம்.

"வெட்டு இல்லாம நல்லதா ஒண்ணு வரைஞ்சு தாரேன் சித்தி."

"வேண்டாம். அந்த வெட்டுதான் எனக்குச் சாட்சி."

வாசலைப் பார்த்த சுவரில், மாதா படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறாள். லயத்துக்கே ஒரே தண்ணீர்க் குழாய். அது அவள் வாசலுக்கு நேரேதான்; குடத்தோடு நிற்கிற எவர் கண்ணிலும் படம் படும். இன்றைக்கு இரண்டு குடம் பிடித்தேன்.