அப்பாவின் இரண்டாவது துப்பாக்கி

மழைக்காலத்தில் என் செருப்பையும் சேர்த்து அடுப்படியில் காயவைக்கும் அப்பாவுக்கு,

நீங்கள் போனபின் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. இங்கே கொல்லயில் ஊரில் எல்லோரும் இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டுவலி கூடியிருக்கிறது. வெள்ளறடையில் உங்கள் ரப்பர் ஷீட் கடையைத் தம்பி அனில் பார்த்துக்கொள்கிறான். போர்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கிறது. நான் இப்போதும் நெய்யாற்றின்கரைத் துணிக்கடைக்குக் கணக்கு எழுதப் போய்வருகிறேன், பஸ்ஸில்தான்.

உங்கள் இரண்டு துப்பாக்கிகளும் போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கின்றன. அவற்றைத் தன் பெயருக்கு மாற்றி வாங்க அனில் விண்ணப்பம் போட்டிருக்கிறான். வாரிசுகள் எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அம்மா போட்டுவிட்டாள். மிச்சம் இருப்பது நான். போன ஞாயிற்றுக்கிழமை அவன் பேப்பரோடு வந்து என் எதிரே உட்கார்ந்தான். அவனிடம் என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு முன் உங்களிடம் சிலவற்றைக் கேட்க வேண்டும். நீங்கள் இருந்தபோது கேட்க விட்டதில்லை.

ரிவால்வர் ஒன்று உங்களிடம் எப்போதும் உண்டு. கடைப் பணத்தோடு அதையும் தோள்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, பஸ் ஏறுவீர்கள். ஒருநாள் ரப்பர் தோட்டத்து வளைவில் பைக்கில் வந்த இரண்டு பேர் அந்தப் பையைப் பிடித்து இழுத்தார்கள். வார் அறாததால் பை தப்பியது. முட்டி உரசி ரத்தம் வடிய வீட்டுக்கு வந்தீர்கள். ரிவால்வரை எடுக்க ஜிப்பைக்கூடத் திறக்க முடியவில்லை என்றீர்கள்.

நானும் அம்மாவும் அன்றே சொன்னோம், பணத்தைக் கையில் கொண்டுவர வேண்டாம், அங்கேயே வங்கியில் போட்டுவிடலாமே என்று. அது முடியாது என்றீர்கள். நீங்கள் வேறொரு பாடம் படித்திருந்தீர்கள்.

"பையில கெடக்கது பையோட போவும் மக்கா. ஒடம்புல ஒண்ணு வேணும். சின்னதா, ஒருத்தனுக்கும் தெரியாத்தது."

பிறகு தொடங்கியது உங்கள் தேடல். திருவனந்தபுரத்துத் துப்பாக்கிக் கடைக்கு எத்தனை தடவை போனீர்கள்? ரிவால்வருக்கு நடுவில் உருளை புடைத்து நிற்கும், வேட்டிக்கு மேலே தெரியும். அதனால் தட்டையான பிஸ்டல்தான் வேண்டும். குழல் குட்டையாக இருந்தால் மறைக்கலாம், ஆனால் குறி தப்பும். பிடி சிறியதாக இருந்தால் சுண்டுவிரல் வெளியே தொங்கும், சுடும்போது கை உதறும். இதற்கும் ரிவால்வருக்கும் ஒரே தோட்டா பொருந்தாது என்று தெரிந்த அன்று நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. இரவுச் சோற்றுக்கு முன் இதெல்லாம்தான் எங்கள் வீட்டுப் பேச்சு.

அட்டையில் ஒவ்வொரு மாடலின் வடிவத்தையும் வெட்டிவைத்தீர்கள். அதே கனத்துக்குத் துணியில் கூழாங்கல் முடிந்து இடுப்பில் செருகி முற்றத்தில் நடந்து பார்த்தீர்கள். வேட்டி தழைந்திருக்கும்போது ஒன்றுமில்லை. மடித்துக் கட்டியதும் முடிச்சு நெகிழும், கல் தொப்பென்று காலடியில் விழும். சந்தை வியாபாரிகள் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டை வாங்கிக் கட்டச் சொன்னாள் அம்மா. அதைக் கட்டினால் இடுப்பில் ஏதோ இருக்கிறது என்று ஊருக்கே தெரியும் என்றீர்கள். டீக்கடைத் தங்கப்பன் அண்ணன் கேட்டது நினைவிருக்கிறதா?

"அண்ணாச்சி, பேசாம ஒரு பேண்டு போட்டா போராதா? துப்பாக்கிக்கு வேண்டி வேட்டிய இப்பிடி வருத்தப்படுத்தணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பேண்ட் மட்டும் போடவில்லை. வேட்டி நழுவினால் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று முடிவு செய்தீர்கள். இரண்டு வருடத் தேடலின் முடிவு அது.

அதற்குச் சில வருடங்கள் முன்பு, எனக்கு மாப்பிள்ளை பார்க்க உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதுமாக இருந்தது, அப்பா. சாயா குடித்தீர்கள், பழம் சாப்பிட்டீர்கள், "நல்ல குடும்பமாக்கும்" என்று சொல்லிச் சம்மதித்துவிட்டு வந்தீர்கள். அந்த ஆளின் கை எப்படி உதறும் என்று நீங்கள் விசாரிக்கவில்லை.

வீங்கிய மணிக்கட்டோடு நான் முதலில் வந்தபோது, ரிவால்வர் அலமாரியில் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பத்திரமாக இருந்தது. "துப்பாக்கி உள்ள வீட்டுப் பெண்ண ஒருத்தனும் தொடமாட்டான்" என்று ஊரில் சொல்லித் திரிந்தவர் நீங்கள். என்னிடம் என்ன சொன்னீர்கள்? "குடும்பத்துக்குள்ள உள்ளதாக்கும். பொறுத்துப் போ மக்கா." மறுபடியும் வந்தேன். மறுபடியும் அதே சொல். கடைசியில் யாரையும் கேட்காமல் ஒரு பையோடு வந்து இறங்கினேன். முன்னறையை ஒழித்துக் கொடுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. அன்று மழை. செருப்பை முதலில் காயவைத்ததும் அன்றுதான்.

பிறகு அந்தத் தேடலின் நடுவில் ஒருநாள் அட்டைத் துண்டுகளை என் கையில் ஒவ்வொன்றாக வைத்து விரலை மடக்கச் சொன்னீர்கள். "ஒனக்க கையில அடங்கினா போரும்" என்றீர்கள். உங்கள் இடுப்புக்கு வாங்குவதற்கு என் கை எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. எனக்காகவும் சேர்த்துத்தான் பார்த்தீர்களா? அப்படியென்றால் இன்னும் கசக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது துப்பாக்கியா? பஸ் ஏறி அந்த வீட்டு வாசலுக்கு வந்து, "எனக்க மவளத் தொடாத" என்று சொல்லும் ஒரு மனிதர். அதற்கு லைசென்ஸ் வேண்டாமே.

கடைசியில் பிஸ்டல் வந்தது. சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. "இதுக்கா இம்புட்டு பாடு?" என்றாள் அம்மா. அன்றிலிருந்து உங்கள் நடையே மாறியது. வலது கை பையின் மேல், இடது கை இடுப்பின் மேல். வழியில் யாராவது கும்பிட்டால் நீங்கள் தலையை மட்டும் அசைப்பீர்கள்.

தேர்தல் வந்தது. வழக்கம்போலத் துப்பாக்கி உள்ளவர்கள் எல்லோரும் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். இரண்டையும் கொடுத்துவிட்டு வந்தீர்கள். ஒன்று போனால் ஒன்று இருக்கும் என்று வாங்கியது, இரண்டும் சேர்ந்தே போயிருந்தது. பணத்தையும் அந்த நாட்களில் வெள்ளறடையிலேயே வங்கியில் போட்டீர்கள். முடியாது என்று எங்களிடம் சொன்ன அதே காரியம். கையை வீசி நடந்தீர்கள். மரச்சீனிக் கிழங்கு வாங்கி வந்தீர்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து ஏறினீர்கள். அந்தத் தேர்தல் இன்னும் கொஞ்ச நாள் நீண்டிருக்கக் கூடாதா?

திரும்பக் கிடைத்த அந்த வாரமே மழை. வெள்ளறடை ஸ்டாப்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் படியில் கால் வைத்திருக்கிறீர்கள். பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. படி நனைந்திருந்தது. மற்றதைக் கண்டக்டர் சாவுவீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"கம்பியப் பிடியும் மாமாண்ணு ரெண்டு தடவ சொன்னேன், அக்கா. ஒரு கையில பை. மத்த கையி இடுப்புல. கால் வழுக்கினப்பக்கூட அந்தக் கைய எடுக்கல்ல. அப்பிடியே மலந்து விழுந்தாரு."

பஸ் ஸ்டாப்பின் கல்விளிம்பில் தலை பட்டதை அவர் சொல்லவில்லை. அதை நான் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். வேட்டியை அவிழ்க்க வந்த நர்ஸ் அலறியதையும் பார்த்தேன். உங்கள் விரல்களைத் துப்பாக்கியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஊர் அதைப் பெருமையாகப் பேசியது, அப்பா. "விழுந்தும் விடல்ல பாத்தியா, ஆம்பிள!" என்றார்கள். பைக்கில் வந்த அந்த இரண்டு பேர் பிறகு ஒருநாளும் வரவில்லை. நீங்கள் காத்திருந்த எதிரி வரவேயில்லை. ஒரு துப்பாக்கி இருந்தவரை உங்களுக்கு ஒரு கை மிச்சம் இருந்தது. இரண்டாவது வந்து அதையும் எடுத்துக்கொண்டது.

இனி அனில். பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினான்.

"ஒரு ஒப்பு போடு அக்கா. ஒனக்கு என்ன நட்டம்?"

"ஒனக்கு எதுக்கு எலே?"

"அப்பாக்க ஓர்மைக்கு வேண்டியாக்கும்."

"ஓர்மைக்கு அப்பாக்க குடை இருக்கு. எடுத்துட்டுப் போ."

"வெளையாடாத. கடையில பணம் கெடக்கு. ஒண்ணு போனா ஒண்ணு வேண்டாமா?"

"ஆளு போனா?"

பிறகு என்ன சொன்னான் தெரியுமா? "நான் பேண்டு தானே போடுவேன், அக்கா. எனக்கு நழுவாது."

உங்கள் மகன்தான், சந்தேகமே இல்லை. உங்கள் சாவிலிருந்து அவன் கற்றுக்கொண்டது அதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அடுக்களை வாசலில் நின்ற அம்மா, "அவ போடமாட்டா எலே, பேனாவ மூடு" என்றாள். தான் போட்ட கையெழுத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்றும் கேட்டாள்.

அனில் இப்போது என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும். அவனுக்கு ஒரு பெண்குழந்தை இருக்கிறது, அப்பா, நடக்கத் தொடங்கியிருக்கிறாள். நடக்கும்போது அவன் விரலைப் பிடித்துக்கொள்வாள். அவனுக்கு ஒரு கையாவது ஒழிவாக இருக்க வேண்டாமா?

அதனால் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் பேப்பரில் என் கையெழுத்து விழாது. அனில் கோபித்தாலும், ஊர் என்னைக் குற்றம் சொன்னாலும் விழாது. அந்தக் குழந்தை வளர்ந்து என்றாவது வீங்கிய மணிக்கட்டோடு இந்த வீட்டுக்கு வந்தால், பொறுத்துப் போ என்று இங்கே ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். நான் வெறுங்கையோடு பஸ் ஏறிப் போய் அந்த வாசலில் நிற்பேன். ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொள்வேன்.

நீங்கள் பொறுத்துப்போகச் சொன்ன,
இனிப் பொறுக்காத உங்கள் மூத்த மகள்