முன்பல்லை மட்டும் விட்டுவிட்டேன்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
3.11.1998

அன்புள்ள ஜெபமலருக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது?

கடையில் மூட்டை தைத்த சணலைப் பல்லால்தான் அறுப்போம். போன வாரம் அப்படிக் கடித்ததில் கடைவாய்ப்பல் உடைந்துவிட்டது. பயப்படாதே. பல் டாக்டரம்மாவிடம் போய், பிடுங்கிவிடுங்கள் என்றேன். அவர், "பறிக்கண்டா, வேரு நல்லா இருக்கு. உடைஞ்சதை அடைச்சா மதி, அது போதும்" என்று அடைத்துவிட்டார். "முன்பல்லுலயும் ஒரு மூலை போயிருக்கே, அதையும் சரியாக்கட்டா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். நம் முதல் கிறிஸ்துமஸுக்கு நீ சுட்ட முந்திரிக்கொத்தைக் கடித்து உடைந்த மூலையல்லவா அது? நீ அழுதாய், நான் சிரித்தேன்.

கடை திறக்கிறார்கள். யாராவது இங்கே வந்தால் முந்திரிக்கொத்து கொடுத்துவிடு. இப்போது பதமாகத்தான் சுடுகிறாய். எனக்கு மட்டும் அன்றைக்குப் போலப் பாகை முற்றவிடு.

உன்,
தாசன்