தார் டப்பாவில் கிடந்த மாத்திரைகள்

ஐப்பசி 9, புதன்

காலையில் முதல் வேலையாக, தறியில் குறுக்கே ஓடும் இழைக்கான தார்க்குச்சிகளில் நூல் சுற்றலாம் என்று தார் டப்பாவைத் திறந்தேன். அடியில் பதினேழு மாத்திரைகள் கிடந்தன. என் வீட்டுக்காரருடைய ஒரு சிறுநீரகத்தை எடுத்த பிறகு, புற்றுநோய் திரும்பாமலிருக்க ஒரு வருடம் சாப்பிடச் சொன்னவை.

சாப்பிட்டால் வரவே வராது என்று டாக்டரும் சொல்லவில்லை. வாய்ப்பு குறையலாம் என்றார். ஆனால் அந்த மாத்திரையால் இவர் உள்ளங்கை வெடித்து உரிந்தது. தொட்ட இடமெல்லாம் பட்டு இழை சிக்கியது. இந்த மாதம் கை ஆறியதைப் பார்த்து, மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தறியில் உட்கார்ந்திருந்தவரிடம் டப்பாவை நீட்டினேன்.

“அந்தக் கைய வச்சிக்கினு முகூர்த்தப் புடவைய எப்படிமா நெய்றது? இது முடியட்டும், அப்பறம் ஒழுங்கா முழுங்கறேன்.”

“அதுக்குள்ள திரும்ப வந்துட்டா?”

“வந்தா சொல்லிட்டுதாம்மா வரும்” என்று சிரித்தார்.

போன தடவை சொல்லிவிட்டா வந்தது?

தறியில் நெடுக்காகப் பூட்டியிருக்கும் பாவு நூலில் மூன்று புடவை நெய்யலாம். முதல் புடவையே இன்னும் பாதியில் நிற்கிறது. இது முடிந்தால் அடுத்தது என்பார். நாளை அவர் குளிக்கப் போனதும் கத்தரிக்கோலை எடுத்து அந்தப் பாவை அறுத்துவிடுவேன்.